ஒசாக்காவில் ஒரு பகல்: முதுகுப் பையோடு வருபவருக்கான முழுமையான வழிகாட்டி

இரவுப் பேருந்தில் வந்து காலையில் ஒசாக்காவில் இறங்கி அன்றிரவே அடுத்த ஊருக்குக் கிளம்புபவர்களுக்காகவும், ஹாஸ்டல் படுக்கையைக் காலையில் காலி செய்துவிட்டு இரவு வரை ஊர் சுற்ற நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இவர்களில் பலருக்கு நாள் வீணாவது இடங்களைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதால் அல்ல, அவற்றின் வரிசையைத் தவறாகப் போடுவதால்தான். பகலில் மட்டும் இயங்கும் சந்தைக்கு இருட்டிய பிறகு போகிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய தெருவைக் காலையிலேயே பார்த்துவிட்டு ஏமாற்றம் அடைகிறார்கள். வடக்கே உமேதாவுக்கும் தெற்கே நம்பாவுக்கும் இடையில் சுரங்க ரயிலிலேயே பாதி நாளைக் கழிக்கிறார்கள்.

கீழே உள்ள திட்டம் நம்பாவில் தொடங்கி நம்பாவிலேயே முடிகிறது. முதலில் வடகிழக்கே ஒசாக்கா கோட்டை, அங்கிருந்து தெற்கே ஷித்தென்னோஜி கோயில், பிறகு மேற்கே இறங்கினால் ஷின்செக்காய் என்னும் உணவுக்கடைப் பகுதி, அங்கிருந்து வடக்கு நோக்கிக் குரோமோன் சந்தை, இருட்டும் நேரத்தில் தோத்தோன்போரி என்னும் கால்வாய்க்கரைத் தெரு. ஒருமுறை வந்த வழியில் மறுபடி நடக்க வேண்டிய தேவை கோட்டையில் மட்டுமே வரும். ரயிலில் போவது இரண்டு தடவைதான். மற்றவை அனைத்தும் நடை.

1. முந்தைய நாளே முடித்துவைக்க வேண்டியவை

கடவுச்சீட்டை அறையிலோ பெரிய பையிலோ விட்டுவிடாதீர்கள். சுற்றுலாப் பயணிகள் அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது ஜப்பானில் சட்டம். நகலோ கைப்பேசியில் எடுத்த படமோ அதற்கு ஈடாகாது.

இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பொதுவாக அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை வங்கிச் செயலியில் ஊரிலேயே இயக்கிவிடுங்கள். அங்கு போய் இயக்க முயன்றால், ஒருமுறைக் கடவுச்சொல் வரும் எண் வேலை செய்யாத சிக்கலும் சேர்ந்துகொள்ளும். ரொக்கம் எடுக்க செவன் இலெவன் கடைகளில் உள்ள ஏடிஎம் வெளிநாட்டு அட்டைகளை ஏற்கிறது. சிறிய உணவுக்கடைகளும் கோயில்களும் இன்னும் ரொக்கத்தை எதிர்பார்ப்பதால், 10,000 யென்னாவது கையில் இருக்கட்டும். அதில் கொஞ்சம் 100 யென் காசுகளாக இருக்க வேண்டும். எதற்கு என்பது அடுத்த படியில் தெரியும்.

கைப்பேசியில் ஒசாக்கா வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் ஜப்பானிய மொழியையும் அப்படியே இறக்குங்கள். தரைக்கடியில் இருக்கும் கடைத்தெருக்களில் திசை தப்புவது எளிது. அங்கே வரைபடத்தின் நீலப்புள்ளியை நம்பாமல், மஞ்சள் பலகைகளில் எழுதியிருக்கும் வாயில் எண்ணை நம்புங்கள்.

2. முதல் வேலை பைதான்: நாள் எங்கே முடிகிறதோ அங்கே வையுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் படி இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இறங்கிய இடத்திலேயே லாக்கரைத் தேடிப் பையை வைத்துவிட்டு ஓடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். உமேதாவில் இறங்கியவர் உமேதாவில் வைக்கிறார். இரவு நம்பாவில் களைத்துப்போய் நிற்கும்போது, பையை எடுக்க மறுபடி உமேதாவுக்குப் போய், அந்தப் பெரிய நிலையத்தில் காலையில் பார்த்த லாக்கர் வரிசை எது என்று தேடவேண்டியதாகிறது. பேருந்து நேரம் நெருங்கும்போது இந்தத் தேடல் மிகவும் கொடுமையானது. ஆகவே முதலில் உங்கள் இரவுப் பயணம் எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். நம்பா பக்கத்திலிருந்து கிளம்பும் நெடுந்தூரப் பேருந்துகளில் பல, ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நம்பா நிலையத்தின் மேலுள்ள ஓகேட் கட்டடத்திலிருந்து கிளம்புகின்றன. அப்படியானால் பை நம்பாவில் இருக்கட்டும். உமேதாவிலிருந்து பேருந்து என்றால், இரவு எட்டரைக்கெல்லாம் தோத்தோன்போரியை முடித்துக்கொள்ளும் திட்டத்தோடு பையை உமேதாவில் வையுங்கள்.

அன்று தங்கிய ஹாஸ்டல் நம்பா பக்கம் இருந்தால் லாக்கரே தேவையில்லை. பெரும்பாலான ஹாஸ்டல்கள் அறையைக் காலி செய்த பிறகும் அன்று மாலை வரை பையை இலவசமாகப் பார்த்துக்கொள்கின்றன. வரவேற்பு மேசை இரவில் எத்தனை மணிக்கு மூடும் என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

லாக்கர் கட்டணம் அளவைப் பொறுத்து ஏறத்தாழ 400 முதல் 1000 யென் வரை போகிறது. 40 லிட்டர் பையை நடுத்தர லாக்கரில் படுக்கவைத்துத் திணிக்கலாம். 60 லிட்டர் பைக்குப் பெரியதுதான் சரிவரும், அவை எண்ணிக்கையில் குறைவு. காலை ஒன்பது, பத்து மணிக்குள் பெரியவை நிறைந்துவிடுவதால் ஏழரைக்குள் போய்ச் சேருவது நல்லது. இன்னொரு காரணமும் உண்டு: ஏழரைக்குப் பிறகு அலுவலகக் கூட்டம் ஏறும் மிதோசூஜி மெட்ரோ தடத்தில் பெரிய பையோடு நிற்பது உங்களுக்கும் சிரமம், மற்றவர்களுக்கும் தொல்லை. அதற்கு முன்பே ஏறினாலும் பையை முதுகிலிருந்து கழற்றி மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

பழைய லாக்கர்கள் 100 யென் காசை மட்டுமே விழுங்கும், சாவி தரும். புதியவை ஐசி அட்டையை (பணம் ஏற்றிவைத்து ரயிலில் பயன்படுத்தும் அட்டை) தொடச்சொல்லும், அல்லது எண் அச்சிட்ட சீட்டைத் தரும். அட்டையைத் தொட்டுப் பூட்டினால் அதே அட்டைதான் சாவி. அதை நாள் நடுவில் நண்பரிடம் கொடுத்தனுப்பக்கூடாது. பூட்டிய உடனே மூன்று படங்கள் எடுங்கள்: லாக்கர் எண், கையில் உள்ள சீட்டு, திரும்பி நின்று பார்த்தால் தெரியும் அருகிலுள்ள வாயில் பலகை. மூன்றாவது படத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், இரவில் உண்மையில் உதவுவதும் அதுதான்.

நம்பா என்ற பெயரில் ஒரே நிலையம் இல்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். மெட்ரோவின் நம்பா, நன்காய் நிறுவனத்தின் நம்பா, கின்தெத்சு, ஹன்ஷின் ரயில்கள் வரும் ஒசாக்கா-நம்பா, ஜேஆர் நம்பா என்று நான்கு உண்டு. தரைக்கடியில் இணைந்திருந்தாலும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் நடக்கவேண்டும். பை எந்த நம்பாவில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள்.

கையில் எடுத்துப்போகும் சிறு பையில் தண்ணீர் பாட்டில், மடிப்புக் குடை, கைக்குட்டை, மின்னேற்றி, குப்பை போட ஒரு பிளாஸ்டிக் உறை ஆகியவை போதும். தெருவில் குப்பைத்தொட்டி அநேகமாக இருக்காது. பானம் விற்கும் இயந்திரங்களின் பக்கத்தில் உள்ள தொட்டி பாட்டிலுக்கும் தகரக் குவளைக்கும் மட்டுமே உரியது. கழிப்பறைகளில் கை துடைக்கத் தாள் இல்லாத இடங்கள் பல என்பதால்தான் கைக்குட்டை.

3. நாள் சீட்டு வாங்கும் முன் கூட்டிப் பாருங்கள்

ஒசாக்கா மெட்ரோவின் குறைந்தபட்சக் கட்டணம் 190 யென், அடுத்த படி 240 யென். இந்தத் திட்டத்தில் உள்ள இரண்டு ரயில் பயணங்களும் சேர்த்து 500 யென்னைத் தாண்டாது. 'என்ஜாய் எக்கோ கார்டு' என்னும் மெட்ரோ நாள் சீட்டு வார நாளில் 820 யென், சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் 620 யென். ஆகவே இந்தப் பாதைக்கு அது நட்டம். நம்பாவிலிருந்து உமேதா போய்த் திரும்ப மேலும் 480 யென் ஆகும். அப்படிச் செய்பவருக்கு மட்டும் நாள் சீட்டு கட்டுப்படியாகும்.

மற்றவர்களுக்கு இகோகா போன்ற ஐசி அட்டை போதும். ஜேஆர் நிலைய இயந்திரத்தில் 2000 யென் கொடுத்தால் அதில் 500 முன்பணமாகப் பிடிக்கப்படும், 1500 பயன்படுத்தலாம். டோக்கியோவில் வாங்கிய சுய்க்கா அட்டை கையில் இருந்தால் அதுவே இங்கும் செல்லும், புதிதாக வாங்க வேண்டாம்.

நகரும் படிக்கட்டில் ஒசாக்காக்காரர்கள் வலப்பக்கம் நிற்பார்கள், டோக்கியோவில் இடப்பக்கம். மிதோசூஜி தடத்தின் 6ஆம் பெட்டி வார நாள்களில் நாள் முழுவதும் பெண்களுக்கானது. நடைமேடைத் தரையில் இளஞ்சிவப்பு அடையாளம் இருக்கும், ஆண்கள் பார்த்து ஏறுங்கள்.

4. காலை எட்டேகால்: கோட்டையை வெளியிலிருந்து தொடங்குங்கள்

நம்பாவில் சென்னிச்சிமாயே தடத்தில் ஏறி இரண்டாவது நிறுத்தமான தானிமாச்சி 9-சோமேயில் இறங்கி, தானிமாச்சி தடத்துக்கு மாறி, மீண்டும் இரண்டாவது நிறுத்தமான தானிமாச்சி 4-சோமேயில் இறங்குங்கள். 1-பி வாயில் வழியாக வெளியேறினால் கோட்டையின் முதன்மை வாயிலான ஓத்தேமோன் பக்கம் வருவீர்கள்.

கோட்டைப் பூங்காவுக்குக் கட்டணம் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை. நடுவில் உள்ள கோபுரம் மட்டும் ஒன்பது மணிக்குத் திறக்கிறது. முக்கால் மணி நேரம் முன்பே வரச்சொல்வது இதனால்தான்: அகழியும் மதில்களும் அந்த நேரத்தில் நடைப்பயிற்சி செய்யும் உள்ளூர்க்காரர்களிடம் மட்டுமே இருக்கும். சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் வந்த பிறகு அதே இடத்தில் கற்களை நின்று பார்க்க முடியாது.

கோபுரம் 1931இல் கான்கிரீட்டில் எழுப்பப்பட்டது, உள்ளே அருங்காட்சியகமும் மின்தூக்கியும் உள்ளன. மதில்களோ 1620களில் அடுக்கப்பட்ட உண்மையான கருங்கல். என் கருத்தில் இந்தக் கோட்டையில் பார்க்க வேண்டியது கற்களைத்தான். ஓத்தேமோன் வாயிலின் தூண்களில் ஒன்றில், அடிப்பகுதி உளுத்தபோது புதிய மரம் வைத்து இணைத்த இடத்தைக் குனிந்து பாருங்கள். ஒரு பக்கத்தில் இணைப்புக்கோடு மலை முகடுபோல் கூராக ஏறுகிறது. அடுத்த பக்கத்தில் அது வேறு வடிவம் எடுக்கிறது. நேராக மேலிருந்து செருகவும் முடியாது, பக்கவாட்டில் தள்ளவும் முடியாது என்று தோன்றும் இந்த இணைப்பு எப்படிச் செய்யப்பட்டது என்பது ஊடுகதிர்ப் படம் எடுத்த பிறகே தெளிவானது. பெரும்பாலோர் அதைக் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள்.

அடுத்து சகுராமோன் வாயில். உள்ளே நுழைந்ததும் எதிரே நிற்கும் சுவர் ஏறத்தாழ ஒரே கல்லால் ஆனது. தாக்கோ-இஷி எனப்படும் அந்தக் கல்லின் முகப்பு கிட்டத்தட்ட 59 சதுர மீட்டர், எடை 108 டன் இருக்கும் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. காலை வெயில் சாய்வாக விழும்போது பக்கத்தில் நின்றால்தான் அதன் அளவு உறைக்கும்.

கோபுரத்துக்குள் போகப் பெரியவர்களுக்கு 1200 யென். 2025 ஏப்ரலில் 600இலிருந்து உயர்ந்தது. வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம், ஒன்பது மணிக்கு முதல் வரிசையில் நின்றால் நேரம் மிச்சம். வெறும் காட்சிக்காக ஏறுவது என்றால் வேண்டாம். வடக்கே கொக்குராக்கு பாலத்திலிருந்து அகழியோடு சேர்த்து கோபுரத்தைப் பார்ப்பது அதைவிட அழகு, இலவசமும்கூட. டிசம்பர் 28 முதல் ஜனவரி 1 வரை கோபுரம் மூடியிருக்கும்.

பத்தேகாலுக்குள் வந்த வழியே தானிமாச்சி 4-சோமேக்குத் திரும்புங்கள். பூங்காவின் கிழக்கே உள்ள மோரினோமியா நிலையம் சிலருக்குக் கிட்டத்தில் இருப்பதாகத் தோன்றும். அங்கே போனால் அடுத்த இடத்துக்கு ரயில் மாறவேண்டும்.

5. ஷித்தென்னோஜி: வடக்கிலிருந்து நுழைந்து மேற்கே வெளியேறுங்கள்

தானிமாச்சி தடத்தில் மூன்றாவது நிறுத்தம் ஷித்தென்னோஜி-மாயே யூஹிகாவோக்கா. அங்கிருந்து ஐந்து நிமிட நடை.

593இல் நிறுவப்பட்டதாகக் கூறப்படும் இந்தப் பௌத்தக் கோயிலின் கட்டடங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் மறுபடி கட்டப்பட்டவை. வாயில், அடுக்குத்தூபி, பொன்மண்டபம், விரிவுரை மண்டபம் ஆகிய நான்கும் தெற்கு வடக்காக ஒரே கோட்டில் நிற்கும் பழைய அமைப்பை மட்டும் அப்படியே காத்திருக்கிறார்கள். வெளிப்பிராகாரம் இலவசம், நடுவில் உள்ள பகுதிக்குக் கட்டணம் உண்டு, காலை எட்டரைக்குத் திறந்து மாலை நான்கரைக்கு மூடுகிறது, அக்டோபர் முதல் மார்ச் வரை நான்கு மணிக்கே மூடுகிறது. கோயிலை மதியத்துக்குப் பின் தள்ளிவைக்காமல் காலையில் வைத்ததற்கு இதுவே காரணம்.

மாதந்தோறும் 21, 22 ஆகிய நாள்களில் பிராகாரம் முழுவதும் பழம்பொருள் சந்தை கூடும். உங்கள் பயணம் அந்த நாள்களில் அமைந்தால் கோட்டையைச் சுருக்கிக்கொண்டு இங்கே ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். பழைய கிமோனோ, பீங்கான் கிண்ணம், தச்சுக் கருவி என்று மலிவாகவும் பையில் இடம் பிடிக்காமலும் வாங்கக்கூடியவை இங்கே கிடைக்கும்.

வெளியேறும்போது மேற்கு வாயில் வழியாகப் போங்கள். அங்கே நிற்கும் கல் தோரணம் 1294இல் எழுப்பப்பட்டது. அதைத் தாண்டிச் சரிவில் மேற்கே இறங்கினால் இஷ்ஷின்ஜி கோயில் வழியாகப் பதினைந்து இருபது நிமிடத்தில் ஷின்செக்காய் வந்துவிடும். வழி முழுவதும் இறக்கம். இதே பாதையை எதிர்த்திசையில், மதிய வெயிலில் ஏறி வருபவர்களைப் பார்த்தால் வரிசையின் அருமை புரியும்.

6. ஷின்செக்காய்: சாப்பாட்டை முன்கூட்டியே தீர்மானியுங்கள்

இங்குள்ள தனிச்சிறப்பு குஷிகாட்சு, அதாவது குச்சியில் குத்தி மாவில் தோய்த்துப் பொரித்த இறைச்சி, மீன், காய். பொதுக் கிண்ணத்தில் சாறு வைத்திருந்தால் கடிக்கும் முன் ஒரே ஒரு முறைதான் தோய்க்கலாம். இதை அவர்கள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள். இப்போது பல கடைகளில் சாற்றைப் பாட்டிலில் தருகிறார்கள்.

சைவ உணவுக்காரர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். காய் குச்சிகளும் அதே எண்ணெயில்தான் பொரிகின்றன. இறைச்சி இல்லை என்று கடைக்காரர் நல்லெண்ணத்தோடு சொன்னாலும், நூடுல்ஸ் சாறு, தாகோயாக்கி (ஆக்டோபஸ் உருண்டை) மாவு, ஒகோனோமியாக்கி (முட்டைக்கோஸ் அடை) மேல் தூவும் சீவல் என எங்கும் உலர்ந்த மீன் இருக்கும். 'சைவம்' என்று மட்டும் கேட்காமல், "மீன் சாறும் வேண்டாம்" என்று மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதிக் காட்டுங்கள். பசியோடு கடை கடையாக ஏறி இறங்குவதைவிட, காலையிலேயே ஒரு கடையில் உப்பு அல்லது உமேபோஷி (ஊறவைத்த புளிப்புப் பழம்) வைத்த ஒனிகிரி (சோற்று உருண்டை), வாழைப்பழம், வேர்க்கடலை வாங்கிச் சிறு பையில் வைத்துக்கொள்வது உறுதியான வழி. உமேபோஷி ஒனிகிரியிலும் சிலவற்றில் மீன் கலப்பதால் உறையைக் கைப்பேசிக் கேமராவால் படித்துவிட்டு வாங்குங்கள். தென்னோஜி பூங்காவின் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

சூதென்காகு கோபுரத்தைப் பார்க்க மேலே ஏற வேண்டியதில்லை. 1956இல் கட்டப்பட்ட அதன் உச்சியில் எரியும் விளக்கு மறுநாள் வானிலையைச் சொல்லும்: வெள்ளை என்றால் தெளிவு, ஆரஞ்சு என்றால் மேகம், நீலம் என்றால் மழை. தெற்கே உள்ள ஜான்ஜான் சந்தில் ஷோகி என்னும் ஜப்பானியச் சதுரங்கம் ஆடும் முதியவர்களைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

7. பிற்பகல் மூன்று மணிக்குள் குரோமோன் சந்தை

எபிசுச்சோ வழியாக வடக்கே நடங்கள். மின்பொருள் கடைகளும் பொம்மைக் கடைகளும் நிறைந்த நிப்போன்பாஷித் தெருவைக் கடந்து, இருபத்தைந்து நிமிடத்தில் குரோமோன் வரும். இடையில் ஒரு மெட்ரோ நிலையம் இருந்தாலும் ஏறி இறங்கும் நேரமும் நடக்கும் நேரமும் ஒன்றுதான்.

குரோமோன் மேற்கூரை போட்ட உணவுச் சந்தை. பல கடைகள் நான்கு, ஐந்து மணிக்குள் கதவை இறக்கத் தொடங்குவதால், இரவு உணவுக்கு இங்கே வரலாம் என்று திட்டமிடுபவர்கள் மூடிய கடைகளையே காண்கிறார்கள். விலை பொதுவாக அதிகம். பலகையில் எழுதியிருப்பது ஒரு துண்டுக்கா, தட்டுக்கா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். வாங்கியதை அந்தக் கடை முன்னாலேயே நின்று சாப்பிட்டு, குச்சியையும் தட்டையும் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். நடந்துகொண்டே சாப்பிடுவது கூட்டத்தில் மற்றவர் உடையைக் கெடுக்கும், குப்பை போடவும் இடம் கிடைக்காது.

8. இருட்டும் வரை ஓய்வு

இந்தப் படியைத் தவிர்ப்பவர்களே மாலையில் தோத்தோன்போரியின் ஓரத்தில் சோர்ந்து நிற்கிறார்கள். நன்காய் நம்பா நிலையத்தை ஒட்டிய நம்பா பார்க்ஸ் கட்டடத்தின் மேல் படிப்படியாக ஏறும் தோட்டம் இருக்கிறது. நுழைவு இலவசம், இருக்கைகளும் நிழலும் உண்டு, கட்டடத்துக்குள் கழிப்பறையும் உண்டு. செருப்பைக் கழற்றிக் கால் நீட்டி ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். கோடைக்காலத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும், ஈரப்பதமும் அதிகம் என்பதால் ஓய்வை ஒன்றரை மணி நேரமாக்குங்கள். குழாய்த் தண்ணீரை அச்சமின்றிக் குடிக்கலாம், பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

9. சூரியன் மறைந்த பின் தோத்தோன்போரி

டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஜூனில் ஏழேகால் ஆகும். மறைந்து இருபது நிமிடம் கழித்து எபிசு பாலத்துக்கு வந்தால் வானில் இன்னும் நீலம் இருக்கும், விளம்பரப் பலகைகளும் எரியும்; படம் எடுக்கச் சரியான பொழுது அதுதான். பாலத்தின் நடுவில் நிற்காமல் படியிறங்கிக் கால்வாய்க் கரையில் நில்லுங்கள், கூட்டம் பாதியாகக் குறையும்.

அங்கிருந்து மூன்று நிமிட நடையில் ஹோசென்ஜி சந்து. கல் பாவிய ஒடுக்கமான வழி, கோடியில் ஒரு சிறு கோயில். அங்குள்ள ஃபுதோ என்னும் பௌத்தக் காவல் தெய்வத்தின் சிலை மேல் வருபவர்கள் ஓயாமல் தண்ணீர் ஊற்றிவருவதால் முகமும் உடலும் தெரியாதபடி பாசி அடர்ந்திருக்கிறது. நீங்களும் மரக்கரண்டியால் ஊற்றலாம், பாசியைத் தொடாதீர்கள்.

தெருவில் அழைத்துப்போக முனைபவர்களின் பின்னால் போக வேண்டாம். விலைப்பட்டியல் வாசலில் இல்லாத மதுக்கடைக்குள் நுழையவும் வேண்டாம். 2025 ஜனவரி 27 முதல் ஒசாக்கா நகர் முழுவதும் தெருவில் புகைபிடிக்கத் தடை இருக்கிறது, மீறினால் 1000 யென் அபராதம்.

10. மழை பெய்தால்

கோட்டையையும் கோயிலையும் விட்டுவிட்டு, தானிமாச்சி தடத்திலேயே வடக்கே தெஞ்சின்பாஷிசூஜி 6-சோமேக்குப் போங்கள். நிலையத்தின் மேலுள்ள கட்டடத்தில் எடோ காலத்து (1603–1868) ஒசாக்காத் தெருவை முழு அளவில் அமைத்திருக்கும் வாழ்விட அருங்காட்சியகம் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை விடுமுறை. அதைப் பார்த்துவிட்டு 2.6 கிலோமீட்டர் நீளக் கூரைத் தெருவில் தெற்கே நடந்தால் குடை விரிக்காமலே மதியம் ஆகிவிடும். பிறகு குரோமோனில் மேலே உள்ள வரிசையோடு சேர்ந்துகொள்ளலாம். அந்தக் கூரைத் தெருவில் இருப்பவை உள்ளூர்க்காரர்கள் அன்றாடம் வாங்கும் கடைகள் என்பதால் சாப்பாடும் அங்கே மலிவு.

11. பையை எடுத்துக் கிளம்புதல்

பேருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பே லாக்கர் இருக்கும் இடத்துக்கு வந்துவிடுங்கள். காலையில் எடுத்த வாயில் படம் இப்போது உதவும். நள்ளிரவு தாண்டினால் பல லாக்கர்களில் இன்னொரு நாள் கட்டணம் சேரும். அதைவிட முக்கியம், கடைசி ரயில் போன பிறகு நிலையக் கதவுகள் மூடப்படும், உள்ளே இருக்கும் லாக்கரைக் காலை வரை அணுக முடியாது. மெட்ரோவின் கடைசி ரயில்கள் நள்ளிரவை ஒட்டியே புறப்படுகின்றன.

ஓகேட்டில் பேருந்து ஏறும் இடம் இரண்டாம் மாடியில் இருக்கிறது. ஏறும் முன் அங்குள்ள கழிப்பறையில் முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொள்ளுங்கள். பற்பசை, காது அடைப்பான், தண்ணீர் ஆகியவற்றைப் பெரிய பையிலிருந்து சிறு பைக்கு மாற்றுங்கள். பெரிய பை பேருந்தின் அடியறைக்குப் போய்விடும், காலை இறங்கும் வரை அதைத் திறக்க வழியில்லை.